நிகழ்ச்சி எண் ஏழு

2019 மார்ச் 9, சனிக்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பது. வானம் முழுக்க மேகம். மழை இல்லை, காற்றும் இல்லை. வெப்பம் முப்பத்தாறு டிகிரி. இவற்றுள் முக்கியமானது காற்றில்லாமை. காற்றுள்ள நாள்களில் பராமரிப்பு இல்லத்தின் வாடை பின்பக்கத்துக் காலி மனைக்குப் போய்விடும். காற்றில்லாத நாள்களில் அது தாழ்வாரம் வழியாக நகர்ந்து, ஆலயத்தின் பக்கவாட்டுக் கதவைக் கடந்து, போதகரின் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போதகர் ஜன்னலை மூடினார். மூடிய பிறகு, வாடை ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது தெரிந்தது. மறுபடியும் திறந்தார்.

மேசைமேல் ஒரு கடிதம் இருந்தது. அனுப்புநர்: தலைமைச் செவிலியர், பராமரிப்பு இல்லம். பெறுநர்: தலைவர், பராமரிப்பு இல்லம். தலைவர் போதகரே, தலைமைச் செவிலியர் அவருடைய மனைவி. இல்லத்து விவகாரங்களைச் சாப்பாட்டு மேசையில் பேசக்கூடாது, எதுவானாலும் எழுத்தில் வர வேண்டும் என்பது ஆறு ஆண்டுகளுக்கு முன் அவரே போட்ட விதி. அவள் அதை ஒரு நாளும் மீறியதில்லை. பால் தீர்ந்ததை வாயால் சொல்வாள். குளியலறைத் தாழ்ப்பாள் கழன்றதை வாயால் சொல்வாள். ஒரு மனிதன் படுத்த நிலையிலேயே அழுகிக்கொண்டிருப்பதை மட்டும் தாளில் எழுதி, தேதியிட்டு, அலுவலகத் தட்டில் வைத்துவிட்டுப் போவாள்.

இது நான்காவது கடிதம். முந்தைய மூன்றும் கோப்பில் இருந்தன. ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் ஊதா மையில் ஒரே முத்திரை: ‘ஜெபத்தில் உள்ளது’. அந்த முத்திரைக்கு ஒரு வரலாறு உண்டு. இல்லத்தில் நான்கே படுக்கைகள் இருந்த காலத்தில் போதகர் ஒவ்வொரு கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு முழந்தாளிட்டு ஜெபித்தார். எழுந்ததும் ஆக வேண்டியதைத் தாமே செய்தார். படுக்கைகள் பன்னிரண்டான பிறகு, ஜெபித்தேன் என்று ஓரத்தில் எழுதத் தொடங்கினார். எழுதிக் கை வலித்தபோது முத்திரை செய்யச் சொன்னார். முத்திரை வந்த பிறகு முழந்தாளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

நான்கு கடிதங்களும் ஒன்பதாம் படுக்கையைப் பற்றியவை. அதில் இருந்தவர் முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, உறவென்று யாருமில்லாமல் இங்கே வந்து சேர்ந்தவர். தொண்டையின் அளவு கருதி எல்லாரும் அவரை ஹாரன் என்று அழைத்தார்கள். அவருக்குப் படுக்கைப் புண் வந்திருந்தது. அறுவைச் சிகிச்சை தேவை என்றும், நாதியற்ற நோயாளியாதலால் இல்லத் தலைவரின் கையொப்பமிட்ட கடிதம் இன்றி மருத்துவமனை சேர்த்துக்கொள்ளாது என்றும் முதல் கடிதத்திலேயே இருந்தது.

நான்காவது கடிதம் சுருக்கமாகத் தொடங்கியது. “ஐயா, நேற்று மாலை முதல் நோயாளிக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. விஷம் இரத்தத்தில் ஏறத் தொடங்கிவிட்டதாக அஞ்சுகிறேன். அறுவை மருத்துவர் இன்று மாலை ஐந்து வரை பணியில் இருப்பார், அதன்பின் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்வரை இவர் தாங்கமாட்டார். ஆம்புலன்ஸை மூன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் கையொப்பமிட வேண்டும். இல்லையேல் ஏன் இடவில்லை என்பதை எழுதித் தர வேண்டும்.” பக்கத்தின் அடியில் ‘பின்பக்கம் பார்க்க’ என்று இருந்தது. போதகர் பார்க்கவில்லை. முதல் பக்கமே போதுமான அளவுக்கு விரும்பத்தகாததாக இருந்தது.

கையொப்பமிடுவதில் ஒரு தடை இருந்தது. பிப்ரவரி 24 ஞாயிறு ஆராதனையில், ஒன்பதாம் படுக்கைச் சகோதரர் சபையின் ஆண்டுவிழாவன்று இந்த வாசல் வழியாக நடந்து வருவார் என்று அவர் பிரசங்க மேடையிலிருந்து அறிவித்திருந்தார். சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. நெஞ்சில் ஒரு சூடு எழுந்தது. அதைத் தேவனுடைய குரல் என்று நம்பினார். சபை எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சூடு செவ்வாய்க்கிழமைவரை இருந்தது. பிறகு அறிவிப்பு மட்டும் எஞ்சியது. ஆண்டுவிழா நாளைக் காலை.

கதவு தட்டப்படாமல் திறந்தது. அப்படித் திறக்கும் உரிமை சபையின் மூத்த மூப்பருக்கு மட்டுமே உண்டு. ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். கையில் அச்சடித்த நிகழ்ச்சி நிரல் கட்டு. அச்சு மை இன்னும் காயாத மணம்.

“ஐநூறு பிரதி ஐயா. எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல. மூணு தடவை பாத்துட்டேன்.”

போதகர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். ஏழாவது வரி: ‘சாட்சி: எழுந்து நடந்த சகோதரர்.’ நாளை நடக்க வேண்டியது இன்றே அச்சாகியிருந்தது.

“காய்ச்சலாமே?” என்றார் போதகர்.

“காய்ச்சல் வரும், போகும். பெரிய காரியம் நடக்கிறதுக்கு முன்னாடி இப்படி ஒரு சோதனை வரும்னு நீங்களே பிரசங்கம் பண்ணியிருக்கீங்க.” மூப்பர் கட்டை மேசைமேல், கடிதத்தின் மேலேயே வைத்தார். “அப்புறம் ஐயா, மைக்கை ஆலயத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டோம். இன்னிக்கு ரெண்டு மணி ஜெபத்தை மட்டும் கொஞ்சம் நேர்ல போய் முடிச்சுடுங்க.”

இரண்டு மணி ஜெபம் நோயாளிகளுக்கானது. நான்கு மாதங்களாகப் போதகர் அதை அலுவலகத்தில் அமர்ந்து ஒலிவாங்கியில் சொல்லிவந்தார். வார்டின் சுவரில் ஒரு ஒலிபெருக்கி இருந்தது. குரல் பன்னிரண்டு படுக்கைகளுக்கும் சமமாகக் கேட்கிறது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. மூக்கு காரணமாகச் சொல்லப்படவில்லை.

அவர் மனைவியின் கடிதத்தை உருவியெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

வார்டில் யாரோ ரோஜா மணத் தெளிப்பானை அடித்திருந்தார்கள். ரோஜா அழுகலை மறைக்கவில்லை. அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. சேர்ந்து வந்த மணம் தனித்தனியாக வந்திருக்கக்கூடிய இரண்டையும்விடக் கேவலமாக இருந்தது. போதகர் கைக்குட்டையை எடுத்தார்; பன்னிரண்டு பேர் பார்ப்பதைக் கண்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வைத்தார்.

“யாரது, ஐயாவா!” ஜன்னலோரப் படுக்கையிலிருந்து குரல் வந்தது. காய்ச்சலிலும் அந்தக் குரலுக்குத் தேய்மானம் இல்லை. “ஸ்பீக்கருக்குக் கால் மொளைச்சு வந்துடுச்சுடோய்!”

இரண்டு மூன்று படுக்கைகள் சிரித்தன.

“எப்படி இருக்கீங்க?” என்றார் போதகர், வாசலில் நின்றபடி.

“கிட்ட வாங்க ஐயா. கடிக்க மாட்டேன். நாத்தம் மட்டும்தான் அடிப்பேன்.”

அவர் மனைவி தட்டில் பஞ்சும் துணிச்சுருளும் உப்புநீரும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு அவரை.

“ரெண்டு அஞ்சு ஆச்சு. ஜெபம் பண்ணணும்னா பண்ணுங்க. ஆனா சும்மா நிக்காதீங்க. எனக்கு உதவிக்கு இருந்த ரெண்டு பேரையும் மூப்பர் நாற்காலி துடைக்கக் கூட்டிட்டுப் போயிட்டாரு. இவரைத் திருப்பிப் பிடிக்க ஆள் வேணும்.”

“நானா?”

“வேற யாரு? கையைக் கழுவிட்டு வாங்க. கையுறையைப் போட்டுக்குங்க. அது வலது கைக்கு உள்ளது.”

அவர் ஹாரனின் தோளையும் இடுப்பையும் பிடித்துத் தம் பக்கம் திருப்பினார். உடம்பு அடுப்புக் கல்லைப்போல் சுட்டது. மனைவி பழைய கட்டைப் பிரித்தாள். கடைசி மடிப்பு சதையோடு ஒட்டியிருந்தது. உப்புநீர் ஊற்றி, பொறுத்து, எடுத்தாள்.

முதுகின் அடியில், உள்ளங்கை வைத்தால் மூடாத அளவுக்கு ஒரு குழி. விளிம்பு சாம்பல் நிறம். உள்ளே கறுத்துக் கொழகொழத்த சதை. நடுவே, சுத்தமான ஒரே பொருளாக, எலும்பு. போதகர் பார்வையை விலக்கி ஜன்னலுக்கு அனுப்பினார். ஜன்னலில் ஒரு ஈ உள்ளே வரும் வழியைத் தேடிக்கொண்டிருந்தது. பார்வை திரும்பி வந்தது. அப்போதுதான் புண்ணின் மேல்விளிம்பு புதிதாகக் கிழிந்து இரத்தம் கசிவதையும், விலாவுக்குக் கீழே இருபுறமும் நான்கு விரல் அகலத்தில் சிவந்த தடம் ஓடுவதையும் கண்டார்.

“இது என்ன?”

ஹாரன் சொன்னார், முகத்தைத் தலையணையில் வைத்தபடி.

“பெல்ட்டு ஐயா. நேத்து ஒத்திகை.”

“என்ன ஒத்திகை?”

“நாளைக்கு நடக்கணும்ல? மூப்பர் ரெண்டு தடியனுங்களைக் கூட்டிட்டு வந்தாரு. இடுப்புல பெல்ட்டு கட்டி, ஆளுக்கொரு பக்கம் தூக்கி நிறுத்தி, ஆலய வாசல்லேர்ந்து மேடை வரைக்கும். கால் தரையில உரசிக்கிட்டே வந்துச்சு. ஸ்டார்ட்டு ஆகாத வண்டியைத் தள்ளுற மாதிரின்னு வெச்சுக்குங்களேன். மூணாவது தடவை கொஞ்சம் நல்லா வந்துச்சுன்னாரு.”

“நீங்க ஏன் சரின்னு சொன்னீங்க?”

“ஜன்னல் ஓரம் குடுத்தாங்களே.” ஹாரனின் குரலில் முதல் முறையாகச் சத்தம் குறைந்தது. “ரெண்டு வருசம் கக்கூஸ் கதவைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். நடப்பேன்னு சாட்சி சொல்றியான்னு மூப்பர் கேட்டாரு. சொல்றேன்னேன். அன்னிக்கு மத்தியானமே கட்டிலை இங்க இழுத்துப் போட்டாங்க. ரோடு தெரியுது. வண்டி போறது தெரியுது. நாளைக்கு ஒரு நாள்தானே ஐயா, முடிச்சுக் குடுத்துட்டே போறேன். உங்களுக்கும் ஒரு பேரு.”

போதகர் மனைவியைப் பார்த்தார். “இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“எழுதியிருக்கேன்.” அவள் கறுத்த சதையின் ஒரு துணுக்கை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டாள். “பின்பக்கம்.”

நேற்று மாலை ஆலயத்திலிருந்து வந்த காலடிச் சத்தத்தையும், யாரோ ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணியதையும் அவர் கேட்டிருந்தார். பாடகர் குழு பயிற்சி செய்கிறது என்று எண்ணி மகிழ்ந்திருந்தார்.

“ஜெபம்?” என்றார் ஹாரன். “அம்மா கிளறுறாங்க. கீழ ஒண்ணும் தெரியல. மேல விளிம்புல உசுரு போவுது. ஏதாச்சும் சொல்லுங்க ஐயா. உங்க குரல் நல்லா இருக்கும். ஸ்பீக்கருல கரகரன்னு வரும். நேர்ல எப்படின்னு கேப்போம்.”

போதகர் தொடங்கினார். முதல் இரண்டு வாக்கியங்கள் பழக்கத்தால் வந்தன. மூன்றாவதில், மருத்துவர்களின் கைகளைத் தாண்டிய வல்லமையே என்று வர வேண்டிய இடத்தில், புண்ணிலிருந்து ஒரு புதிய வாடை எழுந்து நேராகத் தொண்டைக்குள் போயிற்று. அவருக்குக் குமட்டியது. பிடித்த பிடியை விட முடியாததால் முகத்தை மட்டும் திருப்பி, கட்டிலடியில் இருந்த வாளியில் வாந்தி எடுத்தார்.

“அசைக்காதீங்க” என்றாள் மனைவி.

“பரவால்ல ஐயா” என்றார் ஹாரன். “என் கிளீனரும் மலை ரோட்டுல இப்படித்தான். பழகிடும். விட்ட எடத்துலேர்ந்து சொல்லுங்க.”

விட்ட இடத்துக்குப் போதகரால் திரும்பிப் போக முடியவில்லை. வாயின் புளிப்போடு வேறு சொற்களைத் தேடினார். இவனுக்கு வலிக்கிறது, ஆண்டவரே, நான் பார்க்காமல் இருந்தேன், இவன் சாகக்கூடாது. அவ்வளவுதான் வந்தது. ஒலிவாங்கியில் அவர் ஒருபோதும் இவ்வளவு குறைவாகப் பேசியதில்லை.

“அம்மா, நீங்களும் கண்ணை மூடி ஆமென் சொல்லுங்க” என்றார் ஹாரன்.

“நான் கண்ணை மூடினா உங்களைக் கட்டிலோட சேர்த்துத் தச்சுடுவேன். பேசாம இருங்க.”

இரண்டு ஐம்பதுக்குப் புதுக்கட்டு போட்டு முடிந்தது. தாழ்வாரத்துக் குழாயடியில் இருவரும் அடுத்தடுத்து நின்று கைகழுவினார்கள். போதகர் மூன்று முறை சோப்புப் போட்டார். வாடை கையில் இல்லை என்று தெரிந்தும் நான்காவது முறை போட்டார்.

“நீ கடைசியா எப்ப ஜெபம் பண்ணே?” என்று கேட்டார். குற்றம்சாட்டுவதற்காக அல்ல, வேறு எதைக் கேட்பதென்று தெரியாததால்.

அவள் யோசித்தாள். “ரெண்டு வருசம் இருக்கும். முட்டி போட்டா, எழுந்திரிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரு நனைச்சுடறாங்க. சரி, நீங்க எனக்கும் சேர்த்துப் பண்றீங்கன்னு நினைச்சுக்குவேன். நான் உங்களுக்கும் சேர்த்துக் கழுவுறேன். அப்படி ஒரு ஏற்பாடுன்னு.”

“நல்ல ஏற்பாடு இல்ல.”

“இல்ல” என்றாள். “அருவருப்பான ஏற்பாடு. நீங்க கழுவாம ஜெபம் பண்ணிப் பண்ணி உங்க ஜெபம் ரோஜா வாசனை மாதிரி ஆயிடுச்சு. நான் ஜெபம் பண்ணாம கழுவிக் கழுவி, இப்பல்லாம் அவங்க மூஞ்சியைக்கூடப் பாக்கறதில்ல. ஒன்பதாம் படுக்கைங்கறேன். புண்ணுங்கறேன். அந்தாளுக்கு என்ன பேருன்னு கேட்டா எனக்குச் சட்டுனு வராது. ஏட்டைப் பாக்கணும்.” குழாயை இறுக்கி மூடினாள். “மணி ஆகுது. கையெழுத்தா, காரணமா? ரெண்டுல ஒண்ணு எனக்கு வேணும்.”

அலுவலகத்தில் மூப்பர் நாற்காலியில் அமர்ந்து நிகழ்ச்சி நிரல்களை ஐம்பது ஐம்பதாக அடுக்கிக்கொண்டிருந்தார். போதகர் நின்றபடி, சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் பின்பக்கத்தை முழுவதும் வாசித்தார். ஒத்திகை நடந்த நேரம், தடவைகள், கிழிந்த அளவு சென்டிமீட்டரில், எல்லாம் இருந்தன. தடுக்கப் போனதாகவும், ‘போதகரின் கட்டளை’ என்று பதில் வந்ததாகவும் இருந்தது.

“நான் கட்டளை போட்டேனா?”

மூப்பர் நிமிர்ந்தார். அவர் முகத்தில் குற்றவுணர்வின் சாயல்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“நடந்து வருவார்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க? ஆயிரம் பேரு கேட்டாங்க. உங்க வாயிலேர்ந்து வந்த வார்த்தை கீழ விழக்கூடாதுன்னுதானே நான் இந்த வயசுல ஓடியாடுறேன்? முதல் அடியை நாம எடுத்து வெச்சா மிச்சத்தை அவர் பாத்துக்குவாரு. இதுவும் உங்க பிரசங்கம்தான்.”

இந்த மனிதர் எதையும் திரிக்கவில்லை. விசுவாசம் என்று போதகர் சொல்லியிருந்தார். அதற்குரிய கிரியையை மூப்பர் ஒரு இடுப்புப் பட்டையைக் கொண்டு செய்திருந்தார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

“எழுந்திரிங்க” என்றார். “அது என் நாற்காலி. எழுதணும்.”

அவர் இல்லத்தின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்துக் கையாலேயே எழுதத் தொடங்கினார். மூப்பர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். அப்படி வாசிக்கும் பழக்கம் அவருக்கு அலுவலகக் காலத்திலிருந்தே உண்டு.

“அனுப்புறீங்களா? திங்கக்கிழமை அனுப்பலாமே ஐயா. ரெண்டே நாள்.”

“டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவாரு.”

“அப்ப நாளைக்கு ஏழாவதுல என்ன பண்றது?”

“நான் பேசுறேன்.”

“எதைப் பத்தி?”

“நேத்து நடந்த ஒத்திகையைப் பத்தி. அதுக்கு முன்னாடி நான் சொன்னதைப் பத்தி.”

பேனா இரண்டாவது பத்திக்கு வந்திருந்தது. “‘பிப்ரவரி 18, 25, மார்ச் 4 ஆகிய தேதிகளில் தலைமைச் செவிலியர் அளித்த விண்ணப்பங்கள் என்னால் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 8 அன்று நோயாளியைப் பட்டையால் கட்டித் தூக்கி நடத்த முயன்றதில் புண் கிழிந்தது. இதற்கு நானே பொறுப்பு.’”

“ஐயா, ஐயா.” மூப்பர் தாளின் ஓரத்தைப் பிடித்தார். “கையெழுத்துப் போடுங்க, வேண்டாங்கல. இந்தப் பத்தி எதுக்கு? ஆஸ்பத்திரியில கேள்வி கேப்பாங்க. விசாரணை வரும். இல்லத்தையே இழுத்து மூடிட்டா மத்த பதினொரு பேரு எங்க போவாங்க? அவங்களை நினைச்சுப் பாருங்க.”

அது வெற்றுப் பேச்சு அன்று. பதினொரு பேரும் உண்மையாகவே இருந்தார்கள். போதகர் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார். அந்தப் பத்தி இல்லாமலும் கடிதம் செல்லும். கையொப்பம் ஒன்றே போதும். நோயாளி மருத்துவமனைக்குப் போய்விடுவார். பதினொரு பேருக்கும் பாதகமில்லை. நினைக்க நினைக்க அது நியாயமாகவே பட்டது. முத்திரையும் இப்படித்தான் நியாயமாகப் பட்டது, ஒலிபெருக்கியும் அப்படியே. நாக்கின் அடியில் வாந்தியின் புளிப்பு மீண்டும் ஊறியது.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். வெளியே ஆம்புலன்ஸ் பின்வாங்கி நிற்கும் ஓசை கேட்டது.

“இந்தப் பத்தி டாக்டருக்குத் தேவையா?” என்று அவளிடம் கேட்டார்.

“எப்ப கிழிஞ்சது, எப்படிக் கிழிஞ்சதுன்னு தெரிஞ்சாத்தான் எங்க தொறந்து பாக்கணும்னு அவங்களுக்குத் தெரியும். தெரியலன்னா பழைய புண்ணுன்னு நினைச்சு மேலாப்ல சுரண்டி அனுப்பிடுவாங்க.” சற்று நிறுத்தினாள். “விசாரணை வந்தா என் வேலையும் போகும். நான் மூணு வாரம் கடிதம் எழுதிக்கிட்டு இருந்தேனே தவிர, ஒரு ஆட்டோவில ஏத்திக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரி வாசல்ல உக்காரல. அதையும் சேத்துக்குங்க.”

“அது உன் கையெழுத்துல வரட்டும்” என்றார் போதகர். “இது என்னுது.”

பத்தியை அடிக்கவில்லை. கீழே கையொப்பமிட்டார், தேதி எழுதினார், நேரம், மூன்று முப்பத்தொன்று. மூப்பரின் விரல்கள் தாளின் ஓரத்தை விட்டன. அவர் நிகழ்ச்சி நிரல் கட்டின் பக்கம் திரும்பி, மேலிருந்த பிரதியில் ஏழாவது வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

வெளியே ஹாரனை ஏற்கெனவே தூக்குப் படுக்கையில் கொண்டுவந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்கதவைத் திறந்தார்.

“என்னங்க இது, சென்ட்டு பாட்டிலுக்குள்ள எலி செத்த மாதிரி வாடை?”

“எலி நான்தான்” என்றார் ஹாரன். “வண்டி என்ன கண்டிசன்? கிளட்ச் தேயுற சத்தம் கேக்குதே. ரெண்டாவது கியர்லயே ரொம்ப நேரம் ஓட்டுறீங்க போல.”

“படுத்துக்கிட்டே கிளட்ச் பாக்குறாருய்யா மனுசன்.” ஓட்டுநர் சிரித்தார், பிறகு கடமைக் குரலில் கேட்டார். “பொறுப்பாளர் யாருங்க? கடிதம் இல்லாம நான் ஏத்த முடியாது.”

மனைவி படுக்கையின் தலைப்பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து, குனிந்து, ஹாரனின் முகத்தைப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். ஹாரன் தம் பெயரைச் சொன்னார். அவள் தலையசைத்துவிட்டு வண்டிக்குள் ஏறினாள்.

“நான்தான்” என்றார் போதகர்.

“ரெண்டு பக்கமும் எழுதியிருக்கா?”

“ஒரு பக்கம்தான். டாக்டரை முழுசும் படிக்கச் சொல்லுங்க.”

மை காய்ந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மடிக்காமல், கடிதத்தை ஓட்டுநர் கையில் கொடுத்தார்.